கூப்பர் ஹெவிட் எழுத்துருவும் ஒரு சிறுகோடும்

புத்தகம் போடும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: “நீங்க எப்பவும் எடுக்கிற அந்த மியூசியம் ஃபான்ட் நிஜமாவே இலவசமா? அட்டையில போட்டு வித்தா யாரும் கேக்க மாட்டாங்களா?”

யாரும் கேட்க மாட்டார்கள். அவர் கேட்ட கூப்பர் ஹெவிட், எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற திறந்த உரிமத்தின் கீழ் வெளியான எழுத்துரு. புத்தகம், பெயர்ப்பலகை, இணையதளம் எதில் வேண்டுமானாலும் போடலாம், அந்தப் பொருளை விற்கலாம், எழுத்துருவைத் திறந்து திருத்தலாம். ஃபான்ட் கோப்பை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. திருத்திய வடிவத்தை வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில்தான் தர வேண்டும். அவ்வளவுதான்.

அவருக்கு இதைச் சொல்லிவிட்டேன். ஆனால் ஐந்து வருடம் கூடவே வைத்திருக்கும் ஒன்றைப் பற்றி இவ்வளவோடு நிறுத்த மனம் வரவில்லை.

நியூயார்க்கில் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி வாழ்ந்த மாளிகையில் இருக்கிறது கூப்பர் ஹெவிட் வடிவமைப்பு அருங்காட்சியகம். 1897-இல் தொடங்கியது, இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் குழுமத்தின் ஓர் அங்கம். புதுப்பிப்பு வேலை முடிந்து 2014-இல் மீண்டும் திறந்தபோது பென்டாகிராம் என்ற வடிவமைப்பு நிறுவனம் அதற்குப் புது அடையாளம் அமைத்தது. அதற்காகச் செஸ்டர் ஜென்கின்ஸ் வரைந்த எழுத்துரு இது. முதலில் அவருடைய பொலாரிஸ் கண்டென்ஸ்டு எழுத்துருவைத்தான் கொஞ்சம் மாற்றித் தரச் சொன்னார்களாம்; வரைய வரைய அது புதிய ஒன்றாகிவிட்டது. கூப்பர், ஹெவிட் இரண்டுமே ஆங்கிலத்தில் ஆறெழுத்துப் பெயர்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால் கச்சிதமான செவ்வகம் கிடைக்கும். லோகோவே அதுதான்.

தனக்கென்று செய்துகொண்ட எழுத்துருவை ஒரு நிறுவனம் பூட்டி வைப்பதுதான் வழக்கம். இவர்கள் அதைத் தங்கள் நிரந்தரச் சேகரிப்பில் ஓர் அரும்பொருளாகச் சேர்த்தார்கள், கூடவே எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்திலும் போட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புழங்கலாம் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

மெல்லிய ‘தின்’ முதல் தடித்த ‘ஹெவி’ வரை ஏழு தடிமன், ஒவ்வொன்றுக்கும் சாய்ந்த வடிவமான இட்டாலிக், ஆக 14 கோப்புகள். ஒடுங்கிய உடல்வாகு என்பதால் நீளமான ஆங்கிலத் தலைப்பும் ஒரே வரியில் அடங்கிவிடும். ஹெவியில் போட்டால் தூரத்திலிருந்தே கண்ணில் படும், ஆனால் கத்தாது. வளைவுகள் காம்பஸால் சுழற்றியவை போலிருக்காது, கை பட்டது தெரியும். இலவசம் என்று கிடைக்கும் பலவற்றில் இந்தப் பக்குவம் இல்லை.

இனி என் ஆற்றாமை. நான் செய்வதெல்லாம் இருமொழி வேலை. இந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. அதைக் குறையென்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. வேறொரு தமிழ் எழுத்துருவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். என்னைப் படுத்துவது ஒரு சிறுகோடு.

மேலே ‘2014-இல்’ என்று எழுதினேன் அல்லவா? எண் ஒரு எழுத்துரு, ‘இல்’ இன்னொன்று. நடுவில் இருக்கும் கோடு யாருடையது? கூப்பர் ஹெவிட்டின் கோடு ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் நடு உயரத்துக்கு வரைந்தது. தமிழ் எழுத்தின் அருகே வந்தால் சற்றுத் தாழ்ந்து, குட்டையாகத் தொங்குகிறது. தமிழின் கோட்டை எடுத்தாலோ, ஒடுங்கிய எண்ணுக்குப் பக்கத்தில் அகலமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலே எழாது. நமக்கு ஒவ்வொரு ஆண்டும், ஒவ்வொரு ஆங்கிலப் பெயரும் வேற்றுமை உருபு ஏற்று வரும். ஒரு பக்கத்தில் பத்து இடம்.

இணையதளத்தில் இன்னும் மோசம். எழுத்துரு வரிசையில் கூப்பர் ஹெவிட்டை முதலில் எழுதினேன். தமிழ் எழுத்துகள் அடுத்த எழுத்துருவிலிருந்து சரியாக வந்தன. ஆனால் சொற்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் கூப்பர் ஹெவிட்டுடையது! ஒடுங்கிய எழுத்துக்கு அளந்த இடைவெளியில் அகலமான தமிழ்ச் சொற்கள் முட்டிக்கொண்டு நின்றன. காரணம் பிடிபட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் இது பொருந்தும் என்று யூனிகோட் வரம்பு கட்டிய பிறகுதான் தமிழ் மூச்சுவிட்டது.

உரிமம்தான் இடம் கொடுக்கிறதே என்று ஒருநாள் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு திருத்தும் மென்பொருளில் திறந்து, அந்தக் கோட்டைக் கொஞ்சம் உயர்த்தி, வேறு பெயரில் சேமித்தேன். காசு கொடுத்து வாங்கிய எழுத்துருக்களில் பெரும்பாலும் இதைத் தொடவே விடமாட்டார்கள். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ‘2014-இல்’ அழகாக உட்கார்ந்தது. இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துச் சொற்களுக்கு நடுவே அதே கோடு மேலே மிதந்தது. பழைய கோப்புக்கே திரும்பினேன்.

அதனால் நண்பருக்கு நான் கடைசியாகச் சொன்னது: வேண்டாம். பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான் எழுத்துருவை எடுங்கள். தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பமாக வரைந்தது, ஒன்பது தடிமன், அதுவும் இதே உரிமத்தில் கிடைக்கிறது. இட்டாலிக் கிடையாது, உங்கள் புத்தகத்துக்கு அது தேவைப்படாது. கோடு ஒழுங்காக நிற்கும்.

“அப்ப நீங்க மட்டும் ஏன் இன்னும் அதையே வச்சிருக்கீங்க?” என்றார். அவருடைய புத்தகத்தின் பெயரை ஹெவியில் அடித்து அனுப்பியிருக்கிறேன். அட்டைக்கு மட்டும்.