11 மைக்ரானா, 18 மைக்ரானா? வீட்டுக்கு எந்த ஃபாயில் ரோல்?

அலுமினியம் ஃபாயில் ரோல் பெட்டியின் முன்பக்கம் ‘9 மீட்டர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உண்மையில் பார்க்க வேண்டியது தடிமன்; அதை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்வார்கள். அது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. போட்டிருக்கும் மைக்ரான் சரிதானா என்று எடையை வைத்தே கண்டுபிடிக்கலாம். அகலம் (மீட்டரில்) × நீளம் (மீட்டரில்) × மைக்ரான் × 2.7 என்று பெருக்கினால் கிராம் கணக்கு வந்துவிடும். 30 செ.மீ. அகலத்தில் 9 மீட்டர் ரோல், 11 மைக்ரான் என்றால் அட்டைக்குழல் நீங்கலாகச் சுமார் 80 கிராம். 18 மைக்ரான் என்றால் 131 கிராம். எடை குறைந்தால் தாள் மெலிசு, இல்லையேல் நீளம் குறைவு.

சப்பாத்தி சுற்ற 11 மைக்ரானே போதும். கல்லிலிருந்து எடுத்த சூட்டில் சுற்றினால் ஆவி உள்ளேயே நீராகி அடிச் சப்பாத்தி நொசநொசவென்று ஆகிவிடும். இரண்டு நிமிடம் ஆறவிட்டுச் சுற்றுங்கள். ஓவனில் மீன், கோழி வைக்க 18 மைக்ரான்தான் சரி. மெலிசான தாள் எலும்பு குத்தியே கிழிந்து, மசாலா தட்டில் வழிந்து கருகும். பளபளப்புப் பக்கம் உள்ளேயா வெளியேயா என்ற குழப்பமே வேண்டாம். ஆலையில் தாள் தயாராகும்போது கடைசிச் சுற்றில் இரண்டு தாள்களைச் சேர்த்து உருட்டுவதால் உருளையில் பட்ட பக்கம் பளபளக்கிறது, அவ்வளவுதான்.

புளியோதரை, எலுமிச்சை சாதம், ஊறுகாய் எதையும் நேராக ஃபாயிலில் கட்டாதீர்கள். புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும். வாழை இலையில் மடித்து, அதன்மேல் ஃபாயில் சுற்றினால் பிரச்சினையில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் மீதமான புளிக்குழம்பை ஃபாயிலால் மூடுவது இன்னும் மோசம். குழம்பு தாளைத் தொட்டால் இரண்டு உலோகமும் உப்புப் புளிநீரும் சேர்ந்து பேட்டரி போலாகி, காலையில் தாளில் ஊசி ஓட்டைகள் இருக்கும். கரைந்தது குழம்புக்குள் போயிருக்கும்.

இதற்கெல்லாம் மேலாக, கறுத்த வெள்ளிக்கு ஃபாயிலை மிஞ்ச ஆளில்லை. கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வையுங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவும் ஒரு தேக்கரண்டி உப்பும் கரைத்து ஊற்றுங்கள். அழுகிய முட்டை வாடை லேசாக வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் அலுமினியத்துக்கு மாறுகிறது. தாளிலிருந்து தள்ளியிருக்கும் இடத்தில் கறுப்பு மெதுவாகத்தான் போகும், ஆகவே திருப்பிப் போடுங்கள். தேய்ப்பதுபோல் வெள்ளி இதில் குறையாது. கல், முத்து, எனாமல் பதித்தவற்றையும் வேண்டுமென்றே கறுப்பேற்றிய ‘ஆக்சிடைஸ்டு’ நகைகளையும் போடக் கூடாது.

மழுங்கிய கத்தரிக்கோலால் எட்டு மடிப்புத் தாளைப் பத்துப் பன்னிரண்டு முறை வெட்டினால் ஓரளவு முனை ஏறும். துருப்பிடித்த இரும்புக் கல்லைக் கசக்கிய ஃபாயிலால் தேய்க்கலாம், நான்ஸ்டிக்கில் கூடவே கூடாது. கேஸ் அடுப்பில் விரிப்பதாக இருந்தால் பர்னரின் காற்றுத் துளைகளை மூடிவிடாதீர்கள்; சுடர் மஞ்சளாகிப் பாத்திரம் கரிபிடிக்கும்.

ஒரே ஒரு ரோல்தான் வாங்குவீர்கள் என்றால் 18 மைக்ரான் எடுங்கள். டிபன் பாக்ஸுக்கு மட்டும் என்றால் 11 போதும்.