எண்ணெய் இருப்பு எண்களுக்கு இந்த ஒரு கோப்பு போதுமா? ‘ஸ்டாட்டிஸ்டிக்கல் ரிவ்யூ ஆஃப் வேர்ல்ட் எனர்ஜி’: ஒரு மதிப்பீடு

எந்த நாட்டில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, அதனால் அந்த நாட்டுக்கு என்ன ஆனது என்று தேடப் புறப்படுகிறவர்கள் எப்படியும் இந்தக் கோப்பில் வந்து நிற்பார்கள். உலக எரிசக்திப் புள்ளிவிவரத் தொகுப்பான இதை 1950-களின் தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபி ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தது. 2023-ல், 72-வது பதிப்பிலிருந்து, எனர்ஜி இன்ஸ்டிடியூட் பொறுப்பேற்றிருக்கிறது. வழக்கமாக ஜூனில் புதிய பதிப்பு வரும், இலவசம். அறிக்கை பிடிஎஃப் ஆகவும் முழு டேட்டா எக்செல் ஆகவும் கிடைக்கும். வேலைக்கு உதவுவது எக்செல்தான்.

உற்பத்தி, நுகர்வு, சுத்திகரிப்பு, விலை ஆகியவற்றுக்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் இதற்கு இணை குறைவு. கச்சா எண்ணெய் விலை மட்டுமே 1861-லிருந்து இருக்கிறது, அன்றைய டாலரிலும், பணவீக்கம் கழித்த டாலரிலும். ஆனால் பெரும்பாலோர் இதைத் திறப்பது இருப்பு ஷீட்டுக்காக, அதாவது நிலத்தடியில் எடுக்கத்தக்கதாக இன்னும் இருக்கும் எண்ணெயின் கணக்குக்காக. கோப்பிலேயே மிகுந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டிய பகுதி அதுதான்.

முதல் குறை, தேதி. இருப்புக் கணக்கு 2020 இறுதியோடு நின்றுவிட்டது. இருப்பு வேண்டுமென்றால் 2021-ல் வந்த 70-வது பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் புதிய பதிப்பு. இந்த நிறுத்தத்தால் என்ன போகிறது என்பதற்கு தென் அமெரிக்காவின் கயானா நல்ல உதாரணம். 2015-ல் அங்கே கடலடியில் லிசா எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது, 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. அந்த வயல் இருக்கும் ஸ்டாப்ரூக் கடல் பகுதியில் மட்டும் எடுக்கக்கூடியதாகச் சொல்லப்படும் அளவு, எரிவாயுவையும் சேர்த்து, 1,100 கோடி பேரலுக்கும் மேல். இருப்பு ஷீட்டில் கயானாவுக்குத் தனி வரியே கிடையாது, ‘இதர நாடுகள்’ வரிக்குள் போய்விடுகிறது.

இனி எண்கள். 2020 இறுதியில் உலக மொத்தம் சுமார் 1.73 லட்சம் கோடி பேரல். வெனிசுவேலா 30,380 கோடி, சவுதி அரேபியா 29,750 கோடி, கனடா 16,810 கோடி, ஈரான் 15,780 கோடி, ஈராக் 14,500 கோடி. ஷீட்டில் அலகு ‘ஆயிரம் மில்லியன் பேரல்’, அதாவது ஒவ்வொன்றும் நூறு கோடி. 303.8 என்று இருப்பதை 303.8 கோடி என்று படித்து எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

பட்டியலில் முதலிடம் என்பதால் வெனிசுவேலா முதல் பணக்கார எண்ணெய் நாடு ஆகிவிடாது. அந்த 30,380 கோடியில் 26,180 கோடி ஓரினோகோ பகுதியின் மிகக் கனமான எண்ணெய். அதைக் குழாயில் அனுப்பவே நாப்தா போன்ற இலகுவான எண்ணெயைக் கலந்து நீர்க்கச் செய்ய வேண்டும், இல்லையென்றால் தரமுயர்த்தும் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டுக்கும் முதலீடும் ஆற்றலும் தேவை, பேரலுக்கு வெளியேறும் கார்பனும் கூடும். இதை ஷீட்டிலேயே பார்த்துவிடலாம். பேரல் பத்தியை (நெடுவரிசையை) டன் பத்தியால் வகுத்துப் பாருங்கள். சவுதிக்கு 297.5-ஐ 40.9-ஆல் வகுத்தால் டன்னுக்கு சுமார் 7.3 பேரல். வெனிசுவேலாவுக்கு 303.8-ஐ 48.0-ஆல் வகுத்தால் 6.3. டன்னுக்குப் பேரல் குறையக் குறைய எண்ணெய் கனமானது என்று பொருள். கனடாவின் எண்ணும் வெனிசுவேலாவின் அருகில்தான் வரும், அங்கே 16,140 கோடி பேரல் எண்ணெய் மணலில், அதாவது தார் போன்ற கெட்டி எண்ணெய் கலந்த மணலில், இருப்பது. எந்த நாட்டைப் பற்றி எழுதுவதற்கு முன்பும் இந்த வகுத்தலைச் செய்துவிடுவது நல்லது.

அடுத்து, ஆயுள் விகிதம். இருப்பை அந்த ஆண்டின் உற்பத்தியால் வகுத்து, ‘இத்தனை ஆண்டுக்கு வரும்’ என்று ஒரு பத்தி காட்டுகிறது. 2019-ல் உலகத்துக்கு 49.9 ஆண்டுகள், 2020-ல் 53.5. இந்த ஓராண்டில் இருப்பு கூடவில்லை, துளி குறைந்தது. கொரோனாவால் உற்பத்தி சரிந்ததால் வகுக்கும் எண் சிறுத்தது, விடை பெருத்தது, அவ்வளவுதான். வெனிசுவேலாவுக்கு இதே பத்தி 1,500 ஆண்டுகளுக்கு மேல் காட்டும். 1990-களின் இறுதியில் நாளைக்கு 30 லட்சம் பேரலுக்கு மேல் எடுத்த நாடு 2020-ல் சுமார் 5.4 லட்சத்துக்கு இறங்கியதன் விளைவு அது. ஒரு தொழில் நொறுங்கியதைத்தான் அந்தப் பெரிய எண் சொல்கிறது. இந்தப் பத்தியை ‘எண்ணெய் தீரும் ஆண்டு’ என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வரலாற்று ஷீட்டில் 1980-களைக் கட்டாயம் பாருங்கள். குவைத் 1984-ல் 67-லிருந்து 92.7-க்குத் தாவுகிறது (அலகு அதே ஆயிரம் மில்லியன் பேரல்). ஐக்கிய அரபு அமீரகம் 1986-ல் 33-லிருந்து 97.2. சவுதி 1988-ல் சுமார் 170-லிருந்து 255. அந்த அளவுக்கு விளக்கம் தரும் புதிய வயல்கள் எதுவும் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கின் நாடுகள் உற்பத்தி ஒதுக்கீட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த காலம் அது, இருப்பு அதிகமென்றால் பங்கு கேட்க வலு அதிகம். பிறகு பல ஆண்டுகளாக எடுத்துக்கொண்டே இருந்தும் அமீரகத்தின் எண் 97.8-ஐ விட்டு அசையவில்லை. இவை அரசுகள் தாங்களே அறிவித்தவை. கோப்பு அவற்றைத் தொகுக்கிறது, தணிக்கை செய்வதில்லை. இதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், அடிக்குறிப்பில் விட்டது சரியல்ல.

பங்குச் சந்தை நிறுவனங்களின் இருப்பு வேறு விதிப்படி நடக்கிறது. அமெரிக்க விதியில் கடந்த 12 மாத சராசரி விலையில் லாபம் தருவதே ‘நிரூபிக்கப்பட்ட இருப்பு’. விலை விழுந்தால் எண்ணெய் நிலத்தடியில் அப்படியே இருக்க, கணக்கிலிருந்து மட்டும் போய்விடும். 2016-ம் ஆண்டுக் கணக்கில் எக்ஸான்மொபில் கனடாவின் கேர்ல் எண்ணெய் மணலில் சுமார் 350 கோடி பேரலை நீக்கியது இப்படித்தான். நிறுவன எண்ணையும் அரசு எண்ணையும் ஒரே வரைபடத்தில் போட வேண்டாம்.

பொருளாதார விளைவுக்கு இந்தக் கோப்பு தனியாகப் போதாது. உலக வங்கித் தளத்தில் ‘எண்ணெய் வாடகை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சதவீதம்’ என்ற குறியீட்டை எடுத்து இணையுங்கள். எடுத்த எண்ணெயின் மதிப்புக்கும் எடுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த வாடகை. கூடவே, பட்ஜெட் சமன்பட எண்ணெய் என்ன விலை விற்க வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) தன் மத்தியக் கிழக்கு, மத்திய ஆசிய அறிக்கையில் நாடுவாரியாகத் தருகிறது. இருப்பு அளவைவிட இந்த இரண்டு எண்களும் அதிகம் பேசும். நார்வேயைப் பாருங்கள். இருப்பு வெறும் 790 கோடி பேரல், ஆயுள் விகிதம் 11 ஆண்டுகூட இல்லை. ஆனால் 1990-ல் சட்டம் போட்டு, 1996-ல் முதல் பணம் செலுத்தி வளர்த்த எண்ணெய் வருமான நிதியம் 2024 முடிவில் சுமார் 19.7 லட்சம் கோடி குரோனர். அதிலிருந்து பட்ஜெட்டுக்கு எடுப்பது நீண்டகால நோக்கில் எதிர்பார்க்கும் வருமானம் அளவுக்குத்தான் என்று 2001-ல் விதி வகுத்தார்கள். முதலில் 4 சதவீதம், 2017-ல் 3 ஆகக் குறைத்தார்கள். இருப்பு ஷீட்டை மட்டும் பார்த்தால் நார்வே கண்ணிலேயே படாது.

சுற்றுச்சூழல் பக்கம் பாதி நிறைவு. எண்ணெய் எடுக்குமிடத்தில் எரித்து வீணாக்கும் வாயுவின் அளவு நாடுவாரியாக இருக்கிறது, இது உண்மையிலேயே மதிப்புள்ள சேர்க்கை. ஆனால் எரிபொருளிலிருந்து வரும் கார்பன் எரிக்கும் நாட்டின் கணக்கில் போகிறது, எடுத்து விற்ற நாட்டின் கணக்கில் வராது. ஏற்றுமதி நாட்டின் பங்கு தெரிய வேண்டுமென்றால் தோராயமாக பேரலுக்கு 0.43 டன் கார்பன் டை ஆக்சைடு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். உலக இருப்பு முழுவதற்கும் பெருக்கினால் சுமார் 74,500 கோடி டன். புவி வெப்பம் 1.5 டிகிரியைத் தாண்டாதிருக்க 50 சதவீத வாய்ப்புக்கு 2020-லிருந்து வெளியிட மிச்சமிருப்பதாக ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி சொன்னது 50,000 கோடி டன். நிலக்கரியும் எரிவாயுவும் இன்னும் சேர்க்கவே இல்லை.

எண்ணெய்க் கசிவுக்கு ஒரு பத்திகூட இல்லை. நைஜர் டெல்டாவின் ஓகோனிலாந்தில் ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, ஓரிடத்துக் குடிநீர்க் கிணறுகளில் உலக சுகாதார நிறுவன வரம்பைப்போல் 900 மடங்குக்கும் மேல் பென்சீன் கண்டது, மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றது. நைஜீரியாவின் இருப்பு வரியில் 36.9 என்பதைத் தாண்டி எதுவும் இல்லை. நாட்டளவு அட்டவணையில் ஊரளவு சேதம் தெரியாது, அதற்குக் கள ஆய்வு அறிக்கைகளைத்தான் நாட வேண்டும்.

கையாளும்போது வரும் சிக்கல்கள்: ஆண்டுகள் பத்திகளாகப் பரந்து கிடப்பதால் வரைபடம் போடச் சிரமம், அதற்கு ‘நேரோ ஃபார்மட்’ சிஎஸ்வி கோப்பை இறக்குங்கள். நாடுகளின் பெயர் உலக வங்கிப் பெயரோடு ஒத்துப்போகாது, மூன்றெழுத்து நாட்டுக் குறியீட்டை வைத்து இணைக்க வேண்டும். மண்டல மொத்தம், ஒபெக் மொத்தம், பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் அடங்கிய ஓஇசிடி அமைப்பின் மொத்தம் எல்லாம் நாடுகளோடு கலந்தே வரும், வடிகட்டாமல் கூட்டினால் உலக இருப்பு இரண்டு மடங்குக்கு மேல் வீங்கிவிடும். ஒபெக்கின் ஆண்டுப் புள்ளிவிவரத் தொகுப்பில் சவுதிக்கு சுமார் 267 என்று இருக்கும், இங்கே 297.5. இந்தக் கோப்பு எரிவாயுவோடு வரும் திரவங்களையும் சேர்ப்பதே முக்கியக் காரணம். 2020-க்குப் பிந்தைய எண்ணுக்கு ஒபெக் தொகுப்புக்குப் போகலாம், ஆனால் ஒரே தொடரில் இரண்டையும் ஒட்டவைத்தால் சவுதி ஒரே ஆண்டில் 3,000 கோடி பேரலை இழந்ததுபோல வரைபடம் காட்டும்.