2002 முதல் ஒரே வேதாகமம்: வாசித்ததும் நம்பியதும்

கடலூரில் எங்கள் மஞ்சக்குப்பம் ஜெபக்கூட்டத்துக்குப் புதிதாக வரும் பெண்கள் மூன்று விஷயம் கேட்பார்கள். எந்த வேதாகமம் வாங்குவது, எங்கிருந்து தொடங்குவது, வாசிக்க வாசிக்கச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதியே வைக்கிறேன்.

என்னுடையது 2002-இல் என் திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும்) ஆராதனையன்று சபையில் கொடுத்தது. இந்திய வேதாகமச் சங்கத்தின் பதிப்பு, கறுப்பு ரெக்சின் அட்டை, சிவப்பு ஓரம், ஜிப் வைத்த உறை. முதலில் போனது ஜிப்தான். தாள் வெங்காயத் தோல் மாதிரி இருக்கும், பேனாவால் கோடு போட்டால் மறுபக்கம் தெரியும். பென்சில் மட்டும் பயன்படுத்துங்கள். எழுத்து சிறியது, பள்ளி வயதில் அது தெரியவில்லை, இப்போது இரவில் கண் வலிக்கிறது. வயதான அம்மா அப்பாவுக்கு வாங்குவதென்றால் பெரிய எழுத்துப் பதிப்பே வாங்குங்கள். ஆனால் அது நல்ல கனம். வீட்டில் மேசைமேல் வைத்து வாசிக்கத்தான் சரிப்படும், ஆலயத்துக்குத் தூக்கிப் போக முடியாது.

நாங்கள் சபையில் வாசிப்பது பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871-இல் முழுமையாக வந்தது. நடை பழையது. என் மகள் முதல் சங்கீதத்தில் ‘பரியாசக்காரர்’ என்ற இடத்தில் நின்றுவிடுவாள், ‘ஸ்திரீ’ என்றாலும் நிமிர்ந்து பார்ப்பாள். அண்ணி புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருக்கிறார், கத்தோலிக்கர். அவர் வீட்டில் இருப்பது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம். புராட்டஸ்டண்டுகளான நமக்கு 66 புத்தகங்கள், அவர்களுக்கு 73. ஒரு லீவு நாளில் இருவரும் 23-ஆம் சங்கீதத்தை மாற்றி மாற்றி வாசித்தோம். நான், ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.’ அண்ணி, ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை.’ அவருடையது சட்டென்று புரிகிறது, என்னுடையது வாயில் நிற்கிறது. மனப்பாடத்துக்குப் பழையதும், புரியாத தீர்க்கதரிசனப் பகுதிகளுக்குப் புதியதும் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஒன்று உண்மையானது, இன்னொன்று கெட்டது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ரூத் நான்காம் அதிகாரம் முடியும்போதெல்லாம் எனக்கு ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஞாபகம் வந்துவிடும். 1706-இல் நம் தென்பக்கத்துத் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715-க்குள் அச்சிலும் கொண்டுவந்துவிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்தபோது, 1719-இல், 36 வயதில் இறந்துபோனார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷூல்ட்சே முடித்தார், 1728-இல் பழைய ஏற்பாடும் முழுதாக வந்தது. ரூத்துக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டும்போது கை ஒரு நொடி நிற்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஆதியாகமத்திலிருந்து நேராகப் போகாதீர்கள். வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்கும் அட்டவணைப்படி தினமும் மூன்று நான்கு அதிகாரம் வாசிக்க வேண்டும். நான் மூன்று முறை அப்படித் தொடங்கி, மூன்று முறையும் பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் நின்றேன். நின்றதும் குற்றவுணர்ச்சி, அதனால் புத்தகத்தைத் தொடவே பயம். அப்புறம் காலையில் ஒரே ஓர் அதிகாரம் என்று மாற்றிக்கொண்டேன். அந்தக் கணக்கில் முழுதும் முடிய மூன்றே கால் வருஷம் ஆகும். ஆகட்டும். முதலில் மாற்கு, 16 அதிகாரம்தான். அடுத்து ரூத், அடுத்து சங்கீதங்கள். லேவியராகமம் பிறகு வரட்டும், அப்போது அதில் ஏழைக்காக வயலின் ஓரத்தை அறுக்காமல் விடச் சொல்லும் 19-ஆம் அதிகாரம் கண்ணில் படும்.

ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் விட்டதற்குக் காரணம் தானே புயல்.

2011 டிசம்பர் 30 காலையில் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பாதி போய்விட்டது. அலமாரிமேல் இருந்த வேதாகமம் தொப்பலாக நனைந்துவிட்டது. மறுநாள் இரவு, பாதி பேர் வரமுடியாத புத்தாண்டு ஆராதனை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடந்தது. வழக்கம்போல் வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் மட்டும் அச்சிட்ட அட்டை, ஆளுக்கொன்று எடுத்தோம். எனக்கு வந்தது ஆபகூக் 3:18. ‘நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன், என் இரட்சிப்பின் தேவனுக்குள் களிகூருவேன்.’ அதை என்னால் வாசிக்க முடியவில்லை, மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 2-ஆம் தேதி பண்ருட்டிப் பக்கம் அப்பாவைப் பார்க்கப் போனோம். வழியெல்லாம் மரம். அப்பாவின் தோப்பில் பலா ஒன்றுகூட நிற்கவில்லை, முந்திரி வேரோடு சாய்ந்து கிடந்தது. தாத்தா வைத்த பலா மரத்தின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, “சாப்பிட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

அதே வாரம் ஜெபிக்க வந்த ஓர் ஊழியக்காரர், குடும்பத்தில் விசுவாசக் குறைவு இருக்கலாம், தசமபாகத்தில் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) குறை வைத்திருக்கலாம் என்று அப்பாவிடமே சொன்னார். அப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை நான் இன்றும் மறக்கவில்லை.

அங்கே மூன்று வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. இரவில் செய்வதற்கு எதுவும் இல்லாததால் அரிக்கேன் விளக்கில் அம்மாவின் வேதாகமத்தில் யோபு வாசித்தேன். 42 அதிகாரம். அதுவரை எனக்குத் தெரிந்த யோபு, எல்லாவற்றையும் இழந்தும் முறுமுறுக்காத, முதல் இரண்டு அதிகாரத்துப் பொறுமைசாலி மட்டும்தான். நடுவில் அவர் கேட்கிற கேள்விகள், பிறந்த நாளைச் சபிப்பது, தேவனோடு வழக்காடுவது, இதையெல்லாம் பிரசங்கத்தில் யாரும் வாசித்துக் கேட்டதில்லை. சிநேகிதர்கள் பேசுவது முழுக்க அந்த ஊழியக்காரர் பேசினது மாதிரியே இருந்தது. நீ ஏதோ செய்திருப்பாய், அதனால்தான் இப்படி என்று. கடைசி அதிகாரம் ஏழாம் வசனத்தில் கர்த்தர் கோபப்படுகிறார். அந்தக் கோபம் யோபுவின்மேல் இல்லை, தமக்காகப் பரிந்து பேசுகிறோம் என்று நினைத்த சிநேகிதர்களின்மேல். நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவை எழுப்பி அந்த வசனத்தை வாசித்துக் காட்டினேன். அப்பா மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

இந்தப் புத்தகத்தை நான் நம்புவது அந்த இரவிலிருந்துதான். அதற்கு முன்பு நம்பியது பிறந்து வளர்ந்த வீட்டின் பழக்கம். தன் பெயரைச் சொல்லி மனிதர்கள் பேசப்போகும் பொய்யை முன்கூட்டியே எழுதி, அது தப்பு என்றும் எழுதிவைத்த புத்தகம் இது.

அடுத்த நாள் பையிலிருந்து அட்டையை எடுத்து, ஆபகூக்கைத் திறந்து, ஒரு வசனம் மேலே போனேன். ‘அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும்...’ மரம் போச்சு, வயல் போச்சு, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. வரிசையாக எண்ணி வைத்துவிட்டுத்தான் தீர்க்கதரிசி அந்த மகிழ்ச்சிக்கு வருகிறார். அட்டையில் 17-ஆம் வசனம் இல்லை. பதினெட்டை என் வாயால் சொல்ல எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, அதுவரை பதினேழிலேயே நின்று ஜெபித்தேன்.

நனைந்த என் பிரதியைக் காப்பாற்றியதையும் சொல்லிவிடுகிறேன், மழைக்காலத்தில் உதவும். வெயிலில் வைக்காதீர்கள், மெல்லிய தாள் சுருண்டுவிடும். பத்துப் பத்துப் பக்கத்துக்கு நடுவே செய்தித்தாள் வைத்து, நிழலில், தினமும் தாளை மாற்றி, கடைசியில் மேலே பாரம் வைத்து உலர்த்தினேன். எண்ணாகமத்தில் சில பக்கம் ஒட்டிக் கிழிந்தது. புதுச்சேரியில் ஒரு பைண்டிங் கடையில் தைத்துப் புது அட்டை போட்டுக் கொடுத்தார்கள். ஒட்டுவதைவிடத் தைப்பதே நிற்கிறது. அங்கே காத்திருந்தபோது நினைத்துக்கொண்டேன், 1761-இல் ஆங்கிலேயர் இந்த ஊரைப் பிடித்து எடுத்துப் போன அச்சு இயந்திரம்தான் சென்னை வேப்பேரியில் மிஷனரி ஃபப்ரீஷியஸ் கைக்குப் போனது. தமிழ் வேதாகமத்தைத் திருத்திச் செம்மையாக்க வாழ்நாளைக் கொடுத்தவர் அவர். யுத்தத்தில் பறித்த பொருள் அவரிடம் போய்த் தமிழ்க் கிறிஸ்தவப் புத்தகம் அச்சடித்திருக்கிறது.

சந்தேகம் பற்றி. வரும், அதற்குப் பயப்படாதீர்கள். 2 சாமுவேல் 24:13-இல் தாவீது ராஜாவுக்குத் தண்டனையாகச் சொல்லப்படும் பஞ்சம் ஏழு வருஷம், அதே சம்பவம் 1 நாளாகமம் 21:12-இல் மூன்று வருஷம். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் முடிவு மத்தேயுவில் ஒருவிதம், அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தில் இன்னொருவிதம். மாற்கு 16-இல் 9 முதல் 20 வரையான வசனங்கள் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இல்லை. முதலில் கண்டபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. பின்னால், சவக்கடல் அருகே கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த சுருள்களைப் பற்றிப் படித்தேன். அந்த ஏசாயா சுருள், அதுவரை கையிலிருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் பழையது. எழுத்திலும் சொல்லிலும் வேறுபாடுகள் உண்டு, ஆனாலும் வாசிக்கிறவர்களுக்கு அதே ஏசாயாதான். எழுதி எழுதிக் கைமாற்றியவர்கள் இரண்டு கணக்கையும் ஒன்றாக்கி மறைக்கவில்லை என்பதையும் கவனித்தேன். சரிக்கட்டப்பட்ட சாட்சியைவிட எனக்கு இது மேல். ஊர் ஊராக ஜனங்களை அழிக்கும் யோசுவாவின் யுத்தங்களுக்கு மட்டும் இன்னும் என்னிடம் பதில் இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் மனது வலிக்கிறது. மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று ஒரே மூச்சில் அழுகிறார். அந்தப் பக்கங்களை அவருடைய ஜெபத்தோடுதான் வாசிக்கிறேன்.

போன் செயலியும் வைத்திருக்கிறேன். வசனம் தேட, பேருந்தில் கேட்க நல்லது. காலையில் வாசிக்கப் புத்தகம்தான், போனில் ஒரு செய்தி வந்தால் போதும், அதிகாரம் போய்விடும்.

அப்பா 2012-இலேயே பலாக் கன்று வைத்தார். இப்போது காய்க்கிறது, அப்பாவுக்குத்தான் கண் மங்கிவிட்டது. ஞாயிறு மாலை போன் செய்து வாசித்துக் காட்டுகிறேன். ஆபகூக் என்றால் மட்டும் நான் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவார்: “பதினேழுலேர்ந்து படிம்மா.”