கன்னியா வெந்நீர் ஊற்று: நாயளோட போறாக்கள் வாசிச்சிட்டுப் போங்கோ

வவுனியாவில இருந்து ஹொரவப்பொத்தானை ரோட்டால திருகோணமலைக்கு வாறாக்கள் டவுணுக்குள்ள இறங்க முன்னம் கன்னியாவில ஒருக்கா நிப்பாட்டுங்கோ, டவுணுக்கு இன்னும் ஒரு 8 கிலோமீட்டர் கிடக்கேக்க, மெயின் ரோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்குப் போகோணும். நாங்க தங்கச்சியாக்கள் வீட்டுக்குப் போயிட்டு ஜிம்மியையும் கறுப்பனையும் வேனில ஏத்திக்கொண்டு வரேக்க போனது, நாயளுக்கும் கால் நீட்டி நடக்க ஒரு இடம் வேணுமெல்லோ.

இடம் சின்னன். முதல்முறை வாறாக்கள் பாத்திட்டு "இவ்வளவுதானா" எண்டு கேப்பினம். சின்னச் சின்னச் சதுரக் கிணறு ஏழு, கிட்டக் கிட்ட, ஆழம் மூண்டு நாலு அடிதான் இருக்கும், அடி வடிவாத் தெரியும். ஆனா வாளியால அள்ளித் தலையில ஊத்தினாத்தான் விசயம் விளங்கும், ஏழும் ஏழு சூடு, ஒண்டு இதமா இருக்கும் பக்கத்தில இருக்கிறது சுள்ளெண்டு சுடும். ஒவ்வொண்டா ஊத்திக்கொண்டு போய்க் கடைசிக் கிணத்தடிக்கு வரேக்க வேன் ஓடின அலுப்பு முழுக்கக் கழண்டு போயிடும், உண்மையாத்தான் சொல்லுறன். கிணத்துக்குள்ள இறங்கிறேல்ல, வெளிய நிண்டு அள்ளித்தான் குளிக்கோணும். சோப், ஷாம்பு தயவுசெய்து கொண்டு போகாதீங்கோ.

கன பேர் அடியில எரிமலை இருக்கு எண்டு நினைக்கினம், இலங்கையில எரிமலையே இல்ல. மழைத்தண்ணி பாறை வெடிப்புகளுக்குள்ளால நல்ல ஆழத்துக்கு இறங்கி அங்க இருக்கிற சூட்டை வாங்கிக்கொண்டு திரும்ப மேல வருது, அவ்வளவுதான். அம்பாறைப் பக்கம் மகாஓயாவிலயும் இப்பிடி ஊற்று இருக்கு, அது இதைவிடச் சூடு. எங்கட ஆக்கள் சொல்லுற கதை வேற, இராவணன் செத்துப்போன தாய்க்குக் கடமை செய்யத் தண்ணி வேணுமெண்டு வாளால குத்தின ஏழு இடமாம். அதாலதான் இண்டைக்கும் அந்தியேட்டிக்கு, செத்தாக்களுக்குச் செய்யிற கிரியைக்கு, இங்க வாறவை, எங்கட அம்மம்மாக்கும் இங்கதான் செய்தது. அப்பிடி ஆக்கள் கண்ணீரோட நிக்கிற இடத்தில நாயளக் கொண்டுபோய்க் குலைக்க விடக்கூடாது எண்டு நாங்க உள்ளுக்குக் கொண்டு போகேல்ல. தம்பி முதல்ல வெளிய மரநிழலில ரெண்டையும் வச்சுக்கொண்டு நிண்டவன், நாங்க குளிச்சிட்டு வந்தாப் பிறகு அவன் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ள போனவன். இப்பிடி மாறி மாறிப் போறதுதான் சரி.

வேனுக்குள்ள கண்ணாடிய ஏத்தி நாயள விட்டிட்டு மட்டும் போகாதீங்கோ. கச்சான் காத்து, அதுதான் அந்தச் சூடான வறண்ட காத்து, அடிக்கிற மாதங்களில இங்க வெயில் என்னெண்டு தெரியும்தானே, கொஞ்ச நேரத்திலயே உள்ளுக்கு அடுப்பு. தார் ரோட்டில இறக்க முன்னம் புறங்கைய வச்சுப் பாருங்கோ, ஏழு எட்டு செக்கன் வச்சிருக்க ஏலாட்டி அதுகளின்ர பாதமும் வெந்துபோம். முக்கியமா, ஆசைப்பட்டு அந்தச் சுடுதண்ணிய அதுகளுக்கு ஊத்தாதீங்கோ. நாயின்ர உடம்புச் சூடே 38, 39 பாகை, எங்களப்போல உடம்பு முழுக்க வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைக்கும். எங்களுக்குச் சுகமா இருக்கிற தண்ணி அதுகளுக்குக் கரைச்சல். ரெண்டு பெரிய போத்தலில பச்சத்தண்ணியும் ஒரு கோப்பையும் கொண்டு போங்கோ, நாங்க அப்பிடித்தான். கறுப்பன் போத்தில் மூடியத் திறக்கிற சத்தத்துக்கே எழும்பிடுவான்.

குரங்குகள் வரும், நாயளின்ர பெல்ட்டக் கழட்டாதீங்கோ, கையில சாப்பாட்டுப் பையும் வேண்டாம்.

விடியக்காலமை போறது நல்லது, சனி ஞாயிறு பஸ் பஸ்ஸா ஆக்கள் வருவினம், கிணத்தடியில நிக்க இடம் கிடைக்காது. உடுப்பு மாத்த ஒரு பெரிய துவாய் கொண்டு போங்கோ.

அங்கயிருந்து நேர கோணேசர் கோயிலுக்குப் போற பிளான் எண்டா ஒரு விசயம், கோயிலுக்குப் போற வழியில இருக்கிற பிரெட்ரிக் கோட்டைக்குள்ள புள்ளிமான் தன்ர பாட்டுக்குத் திரியும், நாயள அங்க இறக்கவே வேண்டாம். ஒராள் டச்சுபே கடற்கரையில அதுகளோட நடக்கட்டும், மற்றாக்கள் கும்பிட்டிட்டு வரலாம்.

கன்னியாவுக்கு நான் 5க்கு 4 குடுப்பன். வெளிய நாயளோட இருக்க ஒரு நல்ல நிழல் கொட்டிலும் தண்ணிப் பைப்பும் போட்டா மிச்ச ஒண்டும் குடுத்திடலாம்.