உப்பைக் கழுவினால் என்ன போகும்?

2025 மே மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் உப்புக்கு அலைந்தது இன்னும் மறக்கவில்லை. காலி வீதியிலிருந்து ஒரு ஒழுங்கை இறங்கினால் கடல், ஆனால் கடையில் உப்பு இல்லை. மழையில் உப்பளங்களின் விளைச்சல் கெட்டுப்போயிருந்தது, இந்தியாவிலிருந்து வரவேண்டியதும் பிந்தியது. நான் போன கடையில் மிஞ்சியிருந்தது பிங்க் உப்பு மட்டும். விலை பல மடங்கு. அப்பாவுக்குப் பிரஷர், அவருக்கு இதுதான் நல்லதாம் என்று நாலுபேர் சொன்னது நினைவுக்கு வர, இரண்டு பைக்கற்று வாங்கிவந்தேன். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் சில மாதம் அதுவே ஓடியது. இப்போது மறுபடி அயடீன் சேர்த்த கட்டி உப்புக்கு வந்துவிட்டேன்.

பிரஷருக்கு எது நல்லது என்ற கேள்வி சீக்கிரம் முடிந்துவிடும். தூள் உப்போ, கட்டி உப்போ, பிங்க் உப்போ, எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைட்தான். பிங்க் உப்பிலும் அது 98 வீதம் அளவுக்கு உண்டு. அந்த நிறம் இரும்பு ஒக்சைட் தருவது. இமயமலை என்று பெயர் வைத்தாலும் பெரும்பாலும் பாகிஸ்தானின் கெவ்ராச் சுரங்கத்தில் வெட்டி எடுப்பது. அதிலுள்ள கனிமங்களால் பயன் வரவேண்டுமென்றால், அதற்கு முன்பே சோடியம் ஆளைப் படுக்கப் போட்டுவிடும். உலக சுகாதார அமைப்பு சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. நிறம் மாறியதற்காக அந்தக் கணக்கு மாறாது.

மாறுவது அயடீன். நான் வாங்கிய பிங்க் உப்புப் பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அந்தச் சொல்லே இல்லை. மழை கூடிய தென்மேற்கில் மண்ணின் அயடீன் தண்ணீரோடு கழுவுண்டு போய்விடும். அதனால்தான் நாட்டின் ஈர வலயத்தில் அயடீன் குறைவால் கழுத்து வீங்கும் கழுத்துக் கழலை ஒருகாலத்தில் அவ்வளவு பரவலாக இருந்தது. கொழும்பும் அந்த வலயத்துக்குள்தான். யாழ்ப்பாணம் போன்ற வரண்ட பகுதியில் கழலை குறைவு, அம்மம்மாவுக்கு இந்தக் கவலை இருந்திருக்காது. இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பதைச் சட்டமாக்கியது 1995இல். கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயடீன் இருந்தால் 5 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம் கிடைக்கும். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது அவ்வளவுதான். கர்ப்பிணிகளுக்கு இன்னும் கூட வேண்டும். தங்கச்சி அப்போது ஆறு மாதம், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவளுக்கும் அந்தப் பிங்க் உப்பைத்தானே போட்டேன் என்பது இப்போதும் உறுத்துகிறது.

சரி, கட்டி உப்புக்குத் திரும்பியதும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. எங்கள் வீட்டில் கட்டி உப்பைக் கழுவித்தான் போடுவோம். "கல்லு மண் கிடக்கு பிள்ளை, கழுவாமல் போடாதை" என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்தார். ஆனால் அயடீன் உப்புக்குள் இருந்து விளைவதில்லை. அறுவடைக்குப் பிறகு பொட்டாசியம் அயடேட் கரைசலாகத் தெளிப்பது அது. கட்டியின் வெளிப்பக்கத்தில்தான் படிந்திருக்கும். குழாயடியில் இரண்டு அலசு அலசினால் முதலில் போவது அதுதான். மண்ணைப் போக்கப்போய் காசு கொடுத்து வாங்கிய சாமானைச் சிங்க்குக்குள் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

இப்போது செய்வது இதுதான். கட்டி உப்பைக் கழுவாமல் அப்படியே ஒரு சட்டியில் போட்டு, ஆறிய கொதிநீர் விட்டுக் கரைத்து வைப்பேன். லீட்டருக்கு 360 கிராம் அளவுக்குத்தான் கரையும், மிச்சம் அடியில் கிடக்கும். காலையில் பார்த்தால் மண் அடியிலே ஒரு சாம்பல் கோடாகத் தங்கியிருக்கும். மேல் தண்ணியை மெல்லிய துணியில் வடித்துப் போத்தலில் விட்டு மூடிவிடுவேன். அயடீன் தண்ணிக்குள்ளேயே நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு: ஒரு தேக்கரண்டி தூள் உப்பு 6 கிராம் வரும், இந்தத் தண்ணி ஒரு தேக்கரண்டியில் உப்பு ஒன்றரைக் கிராம் சொச்சம்தான். கை தவறினாலும் சொதி கரிக்காது. அடுப்பை நிறுத்தப்போகும் நேரத்தில் விடுகிறேன், சூட்டில் அயடீன் கொஞ்சம் குறையும் என்பதால்.

தூள் உப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அயடீன் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் நல்லது. முட்டைப்பொரியலுக்கும் மேசைக்கும் அதுதான் வசதி. ஆனால் கொழும்புக் காற்றில் பேணியைத் திறந்து வைத்தால் இரண்டு நாளில் கல்லாகிவிடும்.

சோடியம் குறைத்த பொட்டாசிய உப்பை மூன்று கிழமைதான் பாவித்தேன், அதனால் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை. சீனாவில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. கால்பங்கு பொட்டாசியம் குளோரைட் கலந்த உப்பைப் பாவித்தவர்களுக்குப் பக்கவாதம் 14 வீதம் குறைந்ததாம், எனவே பிரஷருக்கு உண்மையில் ஏதாவது செய்யும் உப்பு இந்த வரிசையில் அது ஒன்றுதான். பருப்புக் கறியில் கைப்பு தெரியவில்லை, தயிரில் நன்றாகத் தெரிந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் கூடினால் ஆபத்து. அப்பா எடுப்பதும் அந்த வகை மாத்திரை என்று டொக்டர் சொன்னதும் நிறுத்திவிட்டேன். அவருக்கு இப்போது அதே கட்டி உப்புத் தண்ணிதான், அளவு மட்டும் பாதி. முதல் பத்து நாள் முகத்தைச் சுளித்தார்.

பிங்க் உப்பு அரைப் பைக்கற்று மீதி இருக்கிறது. மாங்காயைக் கீறி மிளகாய்த்தூளோடு தொட்டுத் தின்ன அதுதான் எடுக்கிறோம்.