எங்கள் வார்டு கவுன்சிலரின் வரி வேலை: 5-க்கு 3 நட்சத்திரம்

மறுபடியும் நிற்கிறார் என்று தெரிந்துவிட்டது, நோட்டீஸ்கூட வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ரோடு, தெருவிளக்கு, குப்பை வண்டி பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதட்டும். நான் சொத்து வரியை மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் சேலம் அம்மாப்பேட்டை பக்கத்தில் வீட்டுக்குள்ளேயே தறி போட்டுப் பிழைக்கிற குடும்பங்களுக்கு அரையாண்டுக்கு ஒருமுறை வருகிற அந்த ரசீது சின்ன விஷயம் இல்லை.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸில் "வரி உயர்வை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 2022 பிப்ரவரி 19-இல் ஓட்டுப் போட்டோம், ஏப்ரல் தொடக்கத்திலேயே உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதற்கு மேல் போனால் 100%. கடைகளுக்கும் 100%. அது மன்றத்தில் தீர்மானமாக வந்தபோது இவர் என்ன பேசினார் என்று நேரிலேயே கேட்டேன். "அண்ணா, எதிர்த்துப் பேசினீங்களா?" என்றதற்கு, "மேலிடத்து முடிவுங்க, நாம என்னங்க பண்றது" என்றார். அப்படியானால் நோட்டீஸில் இருக்கிற வாசகம் பொய். இதற்கு ஒரு நட்சத்திரம் போய்விட்டது.

அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலைக் கூட்டினால்தான் நகரங்களுக்கு மானியம் என்று மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்திருந்தது. அதற்கு முந்தைய அ.தி.மு.க. ஆட்சியும் இதில் சுத்தம் இல்லை. நம் மாவட்டத்துக்காரர் எடப்பாடி பழனிசாமியே முதல்வராக இருந்த 2018-இல் குடியிருப்புக்கு 50%, மற்றவற்றுக்கு 100% வரை ஏற்றினார்கள், 2019 நவம்பரில் அதையே நிறுத்தியும் வைத்தார்கள். ஆக எந்தக் கட்சிக்காரர் வந்து "நாங்கள் ஏற்ற மாட்டோம்" என்றாலும் எனக்கு நம்பிக்கை வராது. ஆனால் இந்தக் காரணத்தை அன்றைக்கே தெருவில் வந்து விளக்கியிருந்தால் என்ன? உயர்ந்த தொகை ரசீதில் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

சரி, நல்லதுக்கு வருவோம். இவர் அசத்திய இடம் அளவுதான். எங்கள் தெருவில் தனியாக இருக்கிற ஒரு அம்மாவின் வீட்டுக்கு 50% ஏறி வந்தது. வீடு சின்னது, ஆனால் எப்போதோ பிரித்துப்போட்ட தகரக் கொட்டகையும் பதிவேட்டில் அப்படியே இருந்ததால் 600 சதுர அடியைத் தாண்டிவிட்டது. அந்த அம்மா அலைந்து ஓய்ந்துவிட்டார். இவர் வரி வசூலிப்பவரைக் கையோடு அழைத்து வந்து, டேப்பின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு, சுவர் சுவராக அளந்தார். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது முருங்கை மரம் நிற்கிறது, அதையும் காட்டி எழுத வைத்தார். வீடு 600-க்குள் வந்தது, உயர்வு 25% ஆனது. 400 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு 600 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் இது, அதுவும் வருடத்துக்கு இரண்டு முறை. அதன்பிறகு கேட்ட வீட்டுக்கெல்லாம் போய் அளந்து கொடுத்தார், எந்தக் கட்சி என்று பார்க்கவில்லை, யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. இதற்காகவே எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அப்புறம், அரையாண்டு தொடங்கி முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். இவர் வாட்ஸ்அப் குழுவில் போடும்வரை எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஆன்லைனில் கட்டத் தெரியாத பெரியவர்களுக்குத் தன் ஆபீஸ் பையனையே உட்கார வைத்தார்.

கடைக்காரர்களுக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. 100% ஏறியதில் கட்டட உரிமையாளர்கள் வாடகையைக் கூட்டிவிட்டார்கள், நடுவில் மாட்டிக்கொண்டது வாடகைக்கு இருப்பவர்தான். இதைச் சொன்னால் "பார்க்கலாம்ங்க" என்கிறார், அந்தப் பார்க்கலாம் இன்னும் முடியவில்லை. இன்னொரு நட்சத்திரம் இங்கே போய்விட்டது.

என் ஓட்டு இவருக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன், ஆனால் அந்த நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மன்றத்தில் பேசவில்லை என்பதை ஒத்துக்கொண்டு வரட்டும். டேப் பிடித்து அளந்ததைப் போட்டு நோட்டீஸ் அடித்தால் நானே வீடு வீடாகக் கொடுக்கிறேன்.