கேபிளா, 5 கிகாஹெர்ட்ஸா, சிம் கார்டா? கோயில் நேரலைக்கு எந்த டிரான்ஸ்மிட்டர்

போன மாதம் ராவாங்கிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். நேரலைத் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கிறார், கையில் ஐயாயிரம் வெள்ளி இருக்கிறது. "அண்ணே, வயர்லெஸ் செட்டு வாங்கலாம்னு இருக்கேன். 120 மீட்டர் போறதை எடுக்கவா, 400 மீட்டர் போறதை எடுக்கவா?" என்று கேட்டார். "கேமரா நடக்குமா, நிக்குமா? அதை முதல்ல சொல்லுங்க தம்பி" என்றேன்.

அவரிடம் ஃபோனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கும்பாபிஷேகம், திருவிழா, கல்யாணம் என்று கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் நேரலை செய்யும் சின்னக் குழுக்களுக்கு முன்னால் நாலு வழி இருக்கிறது. எஸ்டிஐ கேபிள் (தொழில்முறைக் கேமராக்களில் வரும் வீடியோ கேபிள்) ஒன்று. இரண்டாயிரம் வெள்ளி அளவில் கிடைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் இன்னொன்று. பத்தாயிரத்தைத் தாண்டும் தாமதமில்லாத டிரான்ஸ்மிட்டர் மூன்றாவது. பல சிம் கார்டுகளைச் சேர்த்து அனுப்பும் பெட்டி நாலாவது. பெட்டியில் அச்சடித்திருக்கும் தூரத்தைப் பார்த்துத்தான் பலர் வாங்குகிறார்கள். நான் தூரத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். படம் எவ்வளவு தாமதமாக வரும், நடுவில் எத்தனை பேர் நிற்பார்கள், இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

நிற்கிற கேமராவுக்குக் கேபிள்தான், அதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. ஆனால் எச்டிஎம்ஐ கேபிளை நம்பாதீர்கள். 10 மீட்டரைத் தாண்டினால் சந்தேகம்தான்; பூட்டும் கிடையாது, யாராவது காலில் இழுத்தால் கழன்றுவிடும். எஸ்டிஐ கேபிளின் பிஎன்சி முனையைத் திருகிப் பூட்டலாம். நல்ல ஆர்ஜி6 கேபிளில் 1080பி படம் 100 மீட்டர் வரை போகும். கேமராவில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் கையகல கன்வெர்ட்டர் ஒன்று போதும். சிக்கல் கேபிளை எங்கே ஓட்டுவது என்பதில்தான். கல்யாண மண்டபத்தில் சுவரோரமாக டேப் ஒட்டிவிடலாம். கோயிலில் பால்குடத்தோடு ஈரக்காலில் சுற்றி வருகிறவர்களின் பாதையில் கேபிள் கிடக்கக் கூடாது. ஒரு பாட்டி தடுக்கி விழுந்துவிட்டால் எவ்வளவு நல்ல படம் எடுத்தும் பயனில்லை. அங்கேதான் டிரான்ஸ்மிட்டர் வருகிறது.

என்னைப் போன்ற பெரும்பாலானோர் வைத்திருப்பது இரண்டாவது வகை. ஹாலிலேண்ட் மார்ஸ் 400எஸ் ப்ரோ செட்டுக்கு நிறுவனம் சொல்லும் தூரம் 120 மீட்டர், தாமதம் 80 மில்லி செகண்ட். எஸ்டிஐ, எச்டிஎம்ஐ இரண்டும் உண்டு. பின்னால் வந்த பைரோ எச் 400 மீட்டர், 60 மில்லி செகண்ட் என்கிறது. அதில் எச்டிஎம்ஐ மட்டும்தான், ஆனால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் இயங்கி, நெரிசல் வந்தால் தானே சேனல் மாறிக்கொள்ளும். காகிதத்தில் பார்த்தால் பைரோதான் ஜெயிக்கும். ஆனால் அந்த 120-உம் 400-உம் திறந்த வெளியில், இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாதபோது எடுத்த கணக்கு. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். இந்த அலைகளைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். வரிசையாக இருபது பேர் குறுக்கே நின்றால் 30 மீட்டரே பெரிய தூரம்.

இதை நான் ஒரு கும்பாபிஷேகத்தில் படித்துக்கொண்டேன். ஒரு கேமரா கோபுரச் சாரத்தில், இன்னொன்று யாகசாலை வாசலில், கை ஆடினாலும் படம் ஆடாமல் பிடிக்கும் கிம்பலில். ரிசீவர்கள் பந்தலுக்குள், எந்தக் கேமராவின் படம் போக வேண்டும் என்று மாற்றிக்கொடுக்கும் சுவிட்சர் இருக்கும் மேசை மேல். காலை 6 மணிக்குச் சோதித்தபோது படம் கண்ணாடி மாதிரி இருந்தது. 9 மணிக்குக் கடம் புறப்பட்டது. சிவாச்சாரியார்கள் கலசங்களைத் தலையில் சுமந்து வெளியே வர, உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. எல்லார் கையிலும் ஃபோன், தலைக்கு மேலே. யாகசாலைக் கேமராவின் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. வெளியே எல்இடி திரையில் பாதிக் கலசம் உறைந்து நிற்கிறது. உள்ளே வர இடமில்லாத நூற்றுக்கணக்கானவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உதவிக்கு வந்த பையன் யோசிக்கவே இல்லை. ரிசீவரைக் கழற்றி லைட் ஸ்டாண்டில் மாட்டி, மூன்று மீட்டர் உயரத்துக்கு ஏற்றினான். படம் வந்துவிட்டது. கோபுரக் கலசத்தில் தீர்த்தம் விழ அப்போது சில நிமிடங்களே பாக்கி.

அன்றிலிருந்து ரிசீவர் எனக்கு மேசைச் சாமான் இல்லை, ஸ்டாண்டுச் சாமான். அங்கிருந்து சுவிட்சருக்கு ஒரு சின்ன எஸ்டிஐ கேபிள் இறங்கும். டிரான்ஸ்மிட்டர் கேமராவின் தலையில் இருக்க வேண்டும். இடுப்பில் மாட்டினால் கேமராக்காரரின் உடம்பே சுவராகிவிடும். ஆன்டெனாக்களைத் திருகி மாட்டிய பிறகுதான் பவர் கொடுக்க வேண்டும். ஆன்டெனா இல்லாமல் ஆன் செய்தால் சக்தி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே திரும்பி, சர்க்யூட்டைக் கெடுக்கலாம். இரண்டு பக்க ஆன்டெனாக்களும் நேராக மேல் நோக்கி நிற்கட்டும். சிலர் துப்பாக்கி மாதிரி நுனியை ரிசீவரை நோக்கித் திருப்பி வைப்பார்கள். குச்சி ஆன்டெனாவின் நுனிப் பக்கம்தான் அலை மிகக் குறைவு. அது பக்கவாட்டில்தான் பரவும்.

சேனல் விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. விடியற்காலையில் ஸ்கேன் செய்து, காலியாக இருக்கும் சேனலைப் பிடித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அப்போது கோயிலில் யாருமே இல்லையே! ஹாட்ஸ்பாட் போட்ட ஃபோன்களும் மற்ற படக்குழுக்களின் செட்டுகளும் எட்டு மணிக்குமேல்தான் வந்து சேரும். கூட்டம் நிறைந்த பிறகு இன்னொரு முறை ஸ்கேன் செய்து, நிகழ்ச்சி சூடுபிடிப்பதற்குள் சேனலை மாற்றிக்கொள்ளுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்கள் ரேடாருக்கும் பொதுவானவை. அங்கே ஒளிபரப்பும் முன் கருவி ஒரு நிமிடமாவது கேட்டுப் பார்க்க வேண்டும், ரேடார் தென்பட்டால் விலகிவிட வேண்டும் என்பது விதி. உங்கள் செட்டில் தேர்ந்தெடுக்க வழி இருந்தால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

கேமரா மெனுவையும் பார்த்துவிடுங்கள். வெளியே போகும் படம் 'ஆட்டோ'வில் இருந்தால் 1080ஐ (இன்டர்லேஸ், அதாவது வரி விட்டு வரி வரும் படம்) ஆகப் போய், சுவிட்சர் விழிக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 அல்லது 50 பிரேமில் வைத்தால் மண்டபத்து விளக்குகள் துடிக்காது.

மூன்றாவது வகையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். டெராடெக் போல்ட் போன்ற செட்டுகளில் தாமதம் ஒரு மில்லி செகண்டுக்கும் கீழே. சிக்னல் குறைந்தால் படம் உறையாமல் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும், ஆபத்து வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். சினிமா எடுப்பவர்கள், தள்ளி நின்று மானிட்டர் பார்த்து ஃபோகஸ் இழுப்பவர்கள் இதை வாங்கட்டும். நமக்குத் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்தால் போதும்.

அந்த 80 மில்லி செகண்ட் எங்கே கடிக்கும் என்றால், தவிலில். நாதஸ்வரக் குழுவின் ஒலி மிக்சரிலிருந்து வயர் வழியாக நேராகச் சுவிட்சருக்கு வருகிறது. படம் காற்றில் வருகிறது. தவில்காரரின் இடது கையை நெருக்கத்தில் காட்டுங்கள், கழி தோலைத் தொடுவதற்கு முன்பே அடி கேட்டுவிடும். மந்திரம் சொல்லும் உதட்டில் இது அவ்வளவாகத் தெரியாது, தவிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரையில், ஒலி படத்துக்கு முன்னால் 45 மில்லி செகண்ட் வந்தாலே மனிதர்கள் கண்டுபிடிக்கிறார்கள், பின்னால் வந்தால் 125 வரை கண்டுபிடிப்பதில்லை என்று இருக்கிறது. மின்னலுக்குப் பிறகு இடி கேட்டுப் பழகிய காது நம்முடையது. அதனால் யூடியூபுக்குப் போகும் ஒலியைப் படத்துக்கு ஏற்றபடி தள்ளிவிட வேண்டும். ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் மில்லி செகண்டிலேயே எழுதலாம். கேமரா முன் ஒருவரைக் கை தட்டச் சொல்லி, பதிவை பிரேம் பிரேமாக ஓட்டிப் பாருங்கள். 50 பிரேமில் 80 மில்லி செகண்ட் என்பது நாலு பிரேம். சுவிட்சரும் தன் பங்குக்குச் சேர்க்கும் என்பதால், நான் பெரும்பாலும் 100-க்கு மேல்தான் போய் நிற்பேன்.

எல்இடி திரைக்கு இந்த வேலை வேண்டாம். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் எடுக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து 30 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு ஒலியே 90 மில்லி செகண்ட் பிந்தித்தான் வரும், படத்தோடு பொருந்திவிடும். முன்வரிசைக்காரர்களுக்கு நேரடியாகவே எல்லாம் தெரிகிறது, அவர்கள் திரையைப் பார்ப்பதில்லை.

மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ரோட் வயர்லெஸ் கோ, டிஜேஐ மைக் போன்றவை 2.4 கிகாஹெர்ட்ஸ். கூட்டத்தில் உடம்பும் ஃபோனும் சேர்ந்து அதை வெட்டிவிடும். அந்த நெரிசலுக்கு வெளியே, அதைவிடக் குறைந்த அலைவரிசையில் வேலை செய்வதால் யுஎச்எஃப் மைக் அங்கே நின்று பிடிக்கும். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு முதல் வகையே போதும். வயர்லெஸ் கோ 2, டிஜேஐ மைக் 2 இரண்டிலும் டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாவதால் விட்டுப்போனதைப் பிறகு சேர்த்துவிடலாம். பழைய யுஎச்எஃப் மைக் வாங்குபவர்கள் 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகாதீர்கள். 2019-இல் அனலாக் டிவி நின்ற பிறகு அந்த இடம் கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது.

நாலாவது வழி தனி உலகம். தைப்பூசத்தையொட்டி இரவில் ஜாலான் துன் எச்.எஸ். லீயிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுப் பத்துமலைக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஊர்கிறது. அதோடு நடக்கும் கேமராவுக்கு 400 மீட்டர் செட்டால் என்ன செய்ய முடியும்? லைவ்யூ சோலோ போன்ற பெட்டி, ஒரே படத்தைத் துண்டு துண்டாக்கிப் பல மோடம் வழியாக அனுப்பும்; மறுமுனையில் ஒரு சர்வர் அதைக் கோக்கும். இந்தச் சேவைக்குத் தனிச் சந்தா உண்டு. இங்கே சிம் வாங்குவதில் கவனம் வேண்டும். செல்கோமும் டிஜியும் 2022-இல் ஒரே நிறுவனமாகிவிட்டன. அந்த இரண்டு சிம்மையும் போட்டுவிட்டு, இரண்டு வழி இருக்கிறது என்று நம்பக் கூடாது. ஒன்று அது, இன்னொன்று மேக்சிஸ் அல்லது யு மொபைல் என்று பிரித்துப் போடுங்கள். பத்துமலை அடிவாரத்தில் லட்சக்கணக்கான ஃபோன்கள் ஒரே டவர்களைப் பிடித்துத் தொங்கும் என்பதால், அங்கே படத்தை 720பி-க்கு இறக்கிவிடுவேன். தெளிவு குறைந்தாலும் அறுபடாமல் போகும் படத்தை வீட்டில் படுத்திருக்கும் பெரியவர்கள் விரும்பிப் பார்க்கிறார்கள். தாமதம் பல செகண்ட் ஆகும், வீட்டில் பார்ப்பவருக்கு அது ஒன்றுமில்லை. அதே படத்தை ரதத்துக்குப் பக்கத்திலேயே திரையில் காட்ட நினைத்தால் நடக்காது. 272 படியில் ஏறும் காவடியைக் கீழே நிற்கும் ரிசீவருக்கு அனுப்ப 5 கிகாஹெர்ட்ஸ் செட்டே போதும், இடையில் மறைப்பு இல்லாதவரை. குகைக்குள் போய்விட்டால் சுண்ணாம்புப் பாறை விடாது. உள்ளே தனிக் கேமரா, தனிக் கேபிள்.

சரி, ராவாங் தம்பிக்கு வருகிறேன். அவருக்கு மாதம் மூன்று கல்யாணம், எப்போதாவது ஒரு கோயில். ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் செட், 100 மீட்டர் எஸ்டிஐ கேபிள் சுற்றிய டிரம், கன்வெர்ட்டர், கனமான லைட் ஸ்டாண்ட், நாலு என்பி-எஃப் பேட்டரி, இவ்வளவும் அவர் பணத்தில் அடங்கும். 400 மீட்டருக்காக அதிகம் கொடுக்க வேண்டாம் என்றேன். அவருடைய இரண்டாவது கேமராவில் எஸ்டிஐ இருப்பதால் அதற்கேற்ற செட்டாகப் பார்க்கச் சொன்னேன். லோயாட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) லேபிள் இருக்கிறதா என்று பெட்டியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். வேறு நாட்டுக்குச் செய்த செட், இங்கே அனுமதி இல்லாத சேனலில் ஓடலாம்.

அடுத்த ஞாயிறு அவருக்கு முதல் கோயில் வேலை. நானும் போகிறேன். காலை ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பந்தல் கம்பங்களுக்கு நடுவில் ஸ்டாண்டை எங்கே நிறுத்துவது என்று வெறும் தரையில் நின்று பார்க்க வேண்டும், எட்டு மணிக்கு மறுபடியும் ஸ்கேன்.